மேலை ஓவிய இயக்கங்கள்: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

மேலை நாட்டு ஓவியத்தை அறிந்துகொள்ள விரும்பிப் புத்தகத்தைத் திறக்கும் ஒருவர் முதலில் எதிர்கொள்வது நீண்ட பெயர்ப் பட்டியலைத்தான். மறுமலர்ச்சி, பரோக், ரொகோகோ, ரொமான்டிசிசம், இம்ப்ரஷனிசம், கியூபிசம், சர்ரியலிசம் என்று அது நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கைந்து ஓவியர்களின் பெயர்களும் ஆண்டுகளும் இருக்கின்றன. அதை மனப்பாடம் செய்ய முயல்பவர் பரோக்கைத் தாண்டுவதற்குள் களைத்துவிடுகிறார். உண்மையில் இந்த இயக்கங்களில் பெரும்பாலானவை, தமக்கு முன்பிருந்த ஏதோ ஒரு வழக்கத்தோடு போட்ட வழக்குகள். வழக்கு என்னவென்று தெரியாமல் பெயரை மட்டும் நினைவில் வைத்திருப்பது, வாதி யார் பிரதிவாதி யார் என்றே அறியாமல் தீர்ப்பின் எண்ணை ஒப்பிப்பதைப் போன்றது.

ஆகையால் இங்கே சொல்லப்படும் வழி கால வரிசையில் போகாது. 1874ஆம் ஆண்டின் பாரிஸில் தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கிச் சென்று, மறுபடியும் திரும்பி முன்னோக்கி வரும். ஓர் ஊருக்குப் புதிதாகக் குடிவருபவர் அதன் தலபுராணத்திலிருந்து தொடங்குவதில்லை. பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வழி கண்டுபிடித்த பிறகே கோயிலின் பழமையை விசாரிக்கிறார்.

முதல் படி: உங்கள் கண்ணின் பழக்கத்தை அறிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவர் தமக்கு மேலை ஓவியத்தோடு பழக்கமே இல்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ராஜா ரவிவர்மா (1848–1906) ஐரோப்பியத் தைலவண்ண முறையைக் கைவரப்பெற்று, இலக்குமியையும் சரஸ்வதியையும் தமயந்தியையும் அந்த முறையில் வரைந்தார். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப் படங்கள் நாடெங்கும் பூசையறைகளுக்குள் நுழைந்தன. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற கொண்டையராஜு கோவில்பட்டியில் இருந்துகொண்டு வரைந்த காலண்டர் படங்கள், அந்த முறையின் ஒளிநிழலையும் பின்னணிக் காட்சியையும் தமிழ் வீடுகளின் சுவருக்கே கொண்டுவந்தன. முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும், பட்டின் மடிப்பு, தொலைவில் மங்கும் மலை, தூரிகை பட்ட தடமே தெரியாத வழவழப்பு ஆகியவற்றைக் கண்டால் ‘உயிரோடு இருப்பதைப் போல இருக்கிறது’ என்று நாம் பாராட்டுகிறோம்.

அந்தப் பாராட்டின் அளவுகோல் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைக்கழகங்களில் உருவானது. பிரெஞ்சுக் கலைக்கழக ஓவியர் வில்லியம் பூகரோ 1879இல் வரைந்த ‘வீனஸின் பிறப்பு’ என்ற படத்தையும் ரவிவர்மாவின் ஏதேனும் ஒரு தேவியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். உடை வேறு, தெய்வம் வேறு, ஆனால் தோலின் மேல் ஒளி வழுக்கும் விதம் ஒன்றே. கிளாட் மோனே பிறந்தது 1840. ரவிவர்மா அவரைவிட எட்டு ஆண்டு இளையவர். திருவிதாங்கூரில் ஒருவர் பெருமுயற்சி செய்து தம்வசப்படுத்திய அதே முறையை, பாரிஸில் அவருடைய சமகாலத்தவர் சிலர் உதறிக்கொண்டிருந்தார்கள். பிக்காசோவின் படத்தைக் கண்டு ‘குழந்தை கிறுக்கியது போல இருக்கிறதே’ என்று தோன்றினால், அங்கே பேசுவது இந்தக் காலண்டர் கண். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அது பல அளவுகோல்களில் ஒன்று என்று தெரிந்துகொண்டால் போதும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு படத்திடமும் மூன்று கேள்விகள்

ஒரு படத்தை எடுத்துக்கொண்டால், விளக்கக் குறிப்பைப் படிப்பதற்கு முன் பத்து நிமிடம் அதையே பார்க்க வேண்டும். பத்து நிமிடம் என்பது சொல்வதற்குச் சிறிதாக இருந்தாலும் உட்கார்ந்து பார்த்தால் மிக நீளமானது. அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஒளி எங்கிருந்து வருகிறது? தூரிகையின் தடம் கண்ணுக்குத் தெரிகிறதா, மறைக்கப்பட்டிருக்கிறதா? இந்தப் படம் எவ்வளவு பெரியது, யார் பணம் கொடுத்து, எந்தச் சுவருக்காக வரையப்பட்டது?

மூன்றாவது கேள்விதான் புதியவர்கள் வழக்கமாகத் தவறவிடுவது. கைபேசித் திரை எல்லாப் படங்களையும் ஒரே அளவாக்கிவிடுகிறது என்பதே காரணம். லியோனார்டோவின் ‘மோனா லிசா’ 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பலகை. ஜெரிக்கோவின் ‘மெதூசாவின் தெப்பம்’ ஏறத்தாழ 5 மீட்டர் உயரம், 7 மீட்டர் அகலம். லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் இவ்விரண்டில் முதலாவது, அருகில் போய் உற்றுப் பார்க்க வேண்டிய ஒரு முகம். இரண்டாவது, பார்ப்பவரையே தெப்பத்துக்குள் இழுத்துக்கொள்ளும் ஒரு சுவர். சால்வதோர் தாலியின் உருகும் கடிகாரங்களைச் சுவர் அளவு படமாக எண்ணிக்கொண்டிருப்பவர்கள், அது 24க்கு 33 சென்டிமீட்டர்தான், ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்த அளவுதான் என்று அறியும்போது வியப்படைகிறார்கள். ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, படத்தின் பெயருக்கு முன்பே அளவை எழுதிவிடுவது நல்ல பழக்கம்.

மூன்றாம் படி: 1874இல் நின்றுகொள்ளுங்கள்

அந்தக் காலத்துப் பாரிஸில் ஓவியராக வாழ்வதற்கு ஒரே ராஜபாட்டைதான் இருந்தது. அரசு ஆதரவில் நடந்த ‘சலோன்’ என்ற பெருங்கண்காட்சியின் நடுவர் குழு படத்தை ஏற்க வேண்டும். ஏற்றால் விற்பனை உண்டு, மறுத்தால் இல்லை. வரலாறு, சமயம், புராணம் ஆகியவை உயர்ந்த பொருள்கள். நிலக்காட்சியும் அசையாப் பொருள்களும் தாழ்ந்தவை. 1863இல் நடுவர்கள் வந்த படங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை மறுத்துவிட, எழுந்த கூச்சலைக் கேட்ட மூன்றாம் நெப்போலியன், மறுக்கப்பட்டவற்றுக்குத் தனியே ஒரு கண்காட்சி வைக்க ஆணையிட்டார். அதில்தான் எதுவார் மானேயின் ‘புல்வெளியில் பகலுணவு’ மக்களின் சிரிப்புக்கும் சினத்துக்கும் ஆளானது. படத்தில் ஆடையற்ற பெண் இருந்தது அவ்வளவு குற்றமில்லை, தேவதைகள் ஆடையின்றி இருப்பது வழக்கம்தான். அவள் தேவதையாக இல்லாமல், அக்காலத்துக் கோட்டு அணிந்த இரு ஆண்களின் நடுவே அமர்ந்து பார்ப்பவரை நேராக நோக்கியதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

மானேயையும் மோனேயையும் குழப்பிக்கொள்ளாத புதியவர் இல்லை. அதில் ஆறுதலுக்கு ஒரு செய்தி: 1865ஆம் ஆண்டின் சலோனில் மோனேயின் கடற்காட்சிகளைப் பார்த்தவர்களே மானேயைத் தேடிப்போய்ப் பாராட்டினார்கள், மானே எரிச்சலடைந்தார். மானே மூத்தவர், கறுப்பை விரும்பியவர், பின்னர் நடந்த இம்ப்ரஷனிசக் கண்காட்சிகள் எதிலும் படம் வைக்காதவர். மோனே தம் நிழல்களிலிருந்து கறுப்பை மெல்ல மெல்ல விலக்கியவர்.

1874 ஏப்ரல் 15 அன்று, புகைப்படக் கலைஞர் நாதார் முன்பு பயன்படுத்திய நிழற்படக் கூடத்தில், மோனே, ரெனுவார், தேகா, பிஸாரோ, பெர்த் மோரிசோ, செஸான் உள்ளிட்ட முப்பது பேர் அளவிலான ஓவியர்கள் நடுவர் குழு எதுவும் இல்லாமல் தாங்களே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதில் மோனே வைத்திருந்த லெ ஆவ்ர் துறைமுகத்தின் காலைக் காட்சிக்கு ‘பதிவு, சூரியோதயம்’ என்று பெயர். லூயி லெருவா என்ற விமர்சகர் அந்தப் ‘பதிவு’ (பிரெஞ்சில் ‘இம்ப்ரெஸ்ஸியோன்’) என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கேலியாக எழுதியதிலிருந்து இயக்கத்தின் பெயர் பிறந்தது. தமிழில் இதை மனப்பதிவியம் என்றும் உணர்வுப்பதிவுவாதம் என்றும் எழுதுகிறார்கள். எட்டுக் கண்காட்சிகள் நடந்தன; கடைசியானது 1886இல். எட்டிலும் படம் வைத்தவர் பிஸாரோ ஒருவரே.

இந்த மாற்றத்துக்குக் கருவிகளும் காரணம். 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணத்தை அடைத்து வைக்கும் தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள். வெளியே தூக்கிச் செல்வது தொல்லை. குழாயும் இரயில் பாதையும் சேர்ந்தபோது, காலையில் பாரிஸில் வண்டியேறி, ஆற்றங்கரையில் இறங்கி, ஒளி மாறுவதற்குள் ஒரு படத்தை முடிப்பது இயல்பாயிற்று. ஒளி மாறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் தூரிகைத் தடத்தை மறைக்க நேரமில்லை. மறைக்கும் விருப்பமும் இல்லை.

இங்கே செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று. 1892 முதல் 1894 வரை ருவான் நகரத்துத் தேவாலய முகப்பை மோனே முப்பதுக்கும் மேற்பட்ட முறை வரைந்தார். அவற்றில் மூன்றைத் தேடியெடுத்து, ஒன்று காலை, ஒன்று நண்பகல், ஒன்று மாலை என்று இருக்கும்படி அடுத்தடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் ஒன்றுதான், மாறுவது அதன் மேல் விழும் பொழுது. நிழலின் நிறம் என்ன என்று ஒவ்வொன்றிலும் எழுதுங்கள். சாம்பல் என்று எழுதத் தொடங்கியவர் நீலம், ஊதா, இளஞ்சிவப்பு என்று திருத்திக்கொள்ள நேரும். இம்ப்ரஷனிசத்தைப் பற்றி இரண்டு அதிகாரம் படிப்பதைவிட அந்தத் திருத்தம் பயன் தரும்.

நான்காம் படி: ஒரு நூற்றாண்டு பின்னோக்கி, இரட்டையாகப் பாருங்கள்

பின்னோக்கிப் போகும்போது தனிப் படமாகப் பார்க்க வேண்டாம். எதிரெதிரான இரண்டை வைத்துப் பாருங்கள். முதல் இரட்டை, ஃப்ராகொனாரின் ‘ஊஞ்சல்’ (ஏறத்தாழ 1767) என்பதும் ழாக்-லூயி தாவீதின் ‘ஹொரேஷியர்களின் சூளுரை’ (1784) என்பதும். முதலாவதில் இளஞ்சிவப்புப் பாவாடை, பறக்கும் செருப்பு, புதரில் ஒளிந்த காதலன்: ரொகோகோ என்பது பிரபுக்களின் வரவேற்பறைக்காக வரையப்பட்ட இன்பம். இரண்டாவதில் மூன்று வளைவுகளின் முன்னே வாளை நோக்கிக் கை நீட்டி நிற்கும் மூன்று சகோதரர்கள், விறைத்த கால்கள், வெறிச்சிட்ட தரை: நியோகிளாசிசம் எனப்படும் புதுச் செவ்வியம், பண்டைய ரோமின் கடமையுணர்ச்சியைக் காட்டி அந்த இன்பத்தைக் கண்டிக்கிறது. ஐந்து ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793இல் குளியல் தொட்டியில் குத்திக் கொல்லப்பட்ட புரட்சித் தலைவர் மராவை அதே கண்டிப்பான முறையில் தாவீது வரைந்தார்.

அடுத்த இரட்டை, செவ்வியத்தின் கோட்டுக்கு எதிராக ரொமான்டிசிசத்தின் கொந்தளிப்பு. செவ்விய ஓவியர் ஆங்கரின் தெளிந்த கோடுகளுக்கு எதிரே, கரும்புகை நடுவே கொடியேந்தி வரும் தெலக்ருவாவின் ‘மக்களை வழிநடத்தும் சுதந்திரம்’ (1830) என்பதை வையுங்கள். ஸ்பெயினின் கோயா, இங்கிலாந்தின் டர்னர், ஜெர்மனியின் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் ஆகியோர் இதே காலத்தவர்கள். இயற்கை மனிதனைவிடப் பெரியது, உணர்ச்சி அறிவைவிட விரைவானது என்பதில் அவர்களுக்குள் உடன்பாடு உண்டு; மற்றபடி ஒருவரைப் போல் ஒருவர் வரையவில்லை.

கூர்பே என்ற பிரெஞ்சு ஓவியரோ தேவதையையும் வீரனையும் விட்டுவிட்டுத் தம் ஊர் மக்களை வரைந்தார். ‘ஓர்னானில் ஓர் அடக்கம்’ என்ற அவருடைய படம் (1849–50) ஆறு மீட்டருக்கும் அதிக அகலமுடையது. அரசர்களின் முடிசூட்டுக்கு உரிய அளவை ஒரு சிற்றூர்ச் சாவுக்குக் கொடுத்ததுதான் யதார்த்தவாதத்தின் துணிச்சல். அளவு என்ற கேள்வியைக் கேட்காதவருக்கு அந்தத் துணிச்சல் தெரியவே தெரியாது.

ஐந்தாம் படி: சன்னல் எப்போது திறந்தது?

இன்னும் நானூறு ஆண்டுகள் பின்னே போனால், மேற்சொன்னவர்கள் எல்லோரும் சொத்தாகப் பெற்றதோ சுமையாகப் பெற்றதோ ஆன ஓர் ஏற்பாட்டைச் சந்திக்கிறோம். படுவா நகரத்துச் சிற்றாலயச் சுவர்களில் ஜொத்தோ 1305 வாக்கில் வரைந்த உருவங்களுக்கு எடை உண்டு. அவர்கள் தரையில் நிற்கிறார்கள், அழும்போது முகம் சுருங்குகிறது. ஆனால் தொலைவைக் கணக்காக வரைவதற்கான விதி, ஃபுளோரன்ஸ் நகரக் கட்டடக் கலைஞர் புரூனெலெஸ்கியின் சோதனைகளோடு 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருப்பெற்றது. பார்ப்பவரிடமிருந்து விலகிச் செல்லும் இணைகோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் சென்று மறைய வேண்டும் என்பதே அந்த விதி. மசாச்சியோ 1427 வாக்கில் அதைச் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயச் சுவரில் பயன்படுத்தி, தட்டைச் சுவரில் ஓர் ஆழமான மண்டபத்தையே திறந்துகாட்டினார். 1435இல் அல்பெர்த்தி எழுதிய ஓவிய நூல், படம் என்பது திறந்த சன்னலைப் போன்றது என்று அதை விதியாக்கியது.

ஒரு அளவுகோலை எடுத்து, லியோனார்டோவின் ‘கடைசி இராவுணவு’ (1495–98) படத்தின் அச்சுப் பிரதி மீது, கூரையின் கட்டங்களையும் பக்கச் சுவர்களின் விளிம்புகளையும் நீட்டிக் கோடு போடுங்கள். எல்லாக் கோடுகளும் இயேசுவின் தலைக்கருகே ஒன்றுகூடும். கணக்கும் பக்தியும் ஒரே புள்ளியில் சந்திக்கும்படி அமைத்தவர், சுவர் நுட்பத்தில் மட்டும் தவறிவிட்டார்: ஈரச் சுண்ணத்தின் மேல் விரைந்து வரையும் முறையை விட்டு, காய்ந்த சுவரில் நிதானமாகத் தம் விருப்பப்படி வரைந்ததால், அவருடைய வாழ்நாளிலேயே படம் உதிரத் தொடங்கியது. வடக்கே ஃபிளாண்டர்ஸில் யான் வான் ஐக் மெதுவாகக் காயும் தைலவண்ணத்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, 1434இல் அர்னொல்ஃபினி தம்பதியை வரைந்தார்; 82 சென்டிமீட்டர் உயரமுள்ள அந்தப் பலகையில், பின்சுவர்க் குவியாடிக்குள் அறை முழுவதும் மறுபடி தெரிகிறது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் இணையத்தளத்தில் அந்தக் கண்ணாடியை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.

மைக்கலாஞ்சலோவின் சிஸ்டைன் விதானமும் (1508–12) ரஃபாயேலின் ‘ஏதென்ஸ் கலாசாலை’ சுவரோவியமும் ஒரே ஆண்டுகளில், சில நூறு அடி தொலைவுக்குள் உருவானவை. அவற்றோடு சமநிலை உச்சத்தைத் தொட்டுவிட்டதால், அடுத்து வந்த மேனரிசத்தார் வேண்டுமென்றே அதைக் கலைத்தார்கள். பார்மிஜானினோவின் ‘நீள்கழுத்து மாதா’ ஒன்றைப் பார்த்தால் போதும்.

பரோக்கில் சற்று நிற்க வேண்டும். சீர்திருத்தச் சபையார் தேவாலயப் படங்களை எதிர்த்த நூற்றாண்டில், கத்தோலிக்கச் சபை படங்களை இன்னும் உரக்கப் பேசச் செய்தது. ரோமில் கரவாஜ்ஜோ வரைந்த ‘மத்தேயு அழைக்கப்படுதல்’ (1599–1600) படத்தில், இருண்ட அறையில் காசு எண்ணும் மனிதர்கள் மேல் வலப்பக்கத்திலிருந்து ஒரு கீற்று ஒளி விழுகிறது. ‘ஒளி எங்கிருந்து வருகிறது’ என்ற கேள்விக்கு, ‘இயேசு நிற்கும் பக்கத்திலிருந்து’ என்பது விடை. படத்தின் கதையே அதுதான். ஆர்தமீசியா ஜென்திலெஸ்கி அந்த ஒளியைக் கொண்டு விவிலியக் கதை நாயகி யூதித்தின் வாளைக் காட்டினார். புராட்டஸ்டன்ட் ஹாலந்திலோ தேவாலயம் படம் வாங்குவதை நிறுத்திவிட்டது. வணிகர்களும் கைவினைஞர்களும் வாங்கினார்கள். ஆகவே அங்கே பால் ஊற்றும் பெண்ணும், எலுமிச்சைத் தோலும், மேகம் கவிந்த சமவெளியும், சங்கத்தார் கூடி நிற்கும் குழுப்படமும் பெருகின. ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ (1642) ஆம்ஸ்டர்டாம் நகரக் காவற்படையினர் காசு கொடுத்து வரையச் சொன்ன குழுப்படம். இரவு என்ற பெயர் பின்னால் வந்தது. 1715இல் அதை நகரமன்றச் சுவருக்குள் அடக்குவதற்காக நான்கு பக்கமும் வெட்டினார்கள். இதே ரெம்பிராண்ட் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து வரைந்த இருபதுக்கும் மேற்பட்ட படிகள் இன்றும் உள்ளன என்பதை நம் வாசகர் குறித்துக்கொள்ளலாம்.

ஸ்பெயின் அரசவையில் வெலாஸ்கெஸ் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ (1656) படத்தில் சிறுமியின் சட்டைக் கையை நெருங்கிப் பார்த்தால் வெறும் வண்ணத் தீற்றல்கள், விலகினால் பட்டு. 1865இல் மாட்ரிட் சென்ற மானே அதைக் கண்டு வியந்தார். நாம் தொடங்கிய இடத்துக்கான பாதை அங்கேதான் திரும்புகிறது.

ஆறாம் படி: சன்னல் மூடப்படுகிறது

இனி முன்னோக்கி. இம்ப்ரஷனிசத்தால் நிறைவடையாத நால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். சூரா அந்தத் தீற்றல்களை அறிவியலாக்கிப் புள்ளிகளாக வைத்தார். செவ்ரல் என்ற வேதியியலாளர் 1839இல் எழுதிய நிற எதிர்மறை விதிகளை அவர் படித்திருந்தார். வான் கோ தூரிகைத் தடத்தைக் கண்டதைக் காட்டுவதற்கன்றி உணர்ந்ததைக் காட்டுவதற்காகத் தடிப்பாக்கினார். கோகன் நிறத்தைத் தட்டையாக்கி 1891இல் தஹீத்திக்குப் போனார். செஸான் தம் ஊருக்கருகே இருந்த சாந்த் விக்துவார் மலையை மீண்டும் மீண்டும் வரைந்து, ஒளி கலைத்துவிட்ட பொருளுக்கு மறுபடி எலும்பு தேடினார். பின் இம்ப்ரஷனிசம் என்ற பொதுப் பெயரை ஆங்கில விமர்சகர் ரோஜர் ஃப்ரை 1910இல் லண்டனில் வைத்தபோது நால்வரும் உயிரோடு இல்லை.

இந்த நால்வரிடமிருந்து அடுத்த நூற்றாண்டு கிளை விடுகிறது. வான் கோவையும் கோகனையும் பற்றிக்கொண்டு மத்தீஸும் தெரேனும் 1905இல் பாரிஸில் காட்டிய கட்டற்ற நிறங்களை ‘காட்டு விலங்குகள்’ (பிரெஞ்சில் ‘ஃபோவ்’) என்று வோசெல் என்ற விமர்சகர் எழுத, ஃபோவிசம் பிறந்தது. அதே ஆண்டில் டிரெஸ்டன் நகரில் கிர்ஷ்னரும் நண்பர்களும் ‘பாலம்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். நார்வேயின் எட்வர்ட் முங்க் 1893இலேயே ‘அலறல்’ படத்தில் தொட்டுவிட்ட அச்சத்தை ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசம் தன் மொழியாக்கியது.

செஸானைப் பற்றிக்கொண்டவர்கள் பிக்காசோவும் பிராக்கும். 1907இல் பிக்காசோ வரைந்த ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ படத்தில் ஐந்து உடல்கள் கண்ணாடிச் சில்லுகளைப் போலக் கூர்மையாக நிற்கின்றன. வலப்பக்கத்து முகங்களில் ஆப்பிரிக்க முகமூடிகளின் சாயல் உண்டு. மறு ஆண்டு பிராக்கின் வீடுகளைப் பார்த்த அதே வோசெல் ‘கனசதுரங்கள்’ (‘கியூப்’) என்று எழுதினார். கியூபிசத்தின் வாதம் எளியது: ஒரு மேசையைச் சுற்றி நடப்பவருக்கு அதன் பல பக்கங்கள் தெரியும்போது, ஒற்றைக் கண்ணை அசையாமல் நிறுத்திவைக்கும் அல்பெர்த்தியின் சன்னலுக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்? அந்தப் பழுப்புப் படங்களில் ‘இது என்ன பொருள்’ என்று தேடுவதற்குப் பதிலாக, ‘இந்தத் துண்டு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது’ என்று கேட்டுக்கொண்டே போனால், வயலின் கழுத்தும் குப்பியின் வாயும் தாமாக வெளிப்படும்.

அரூப ஓவியத்துக்கு அஞ்சுபவர்களுக்கு மொந்திரியானின் மரங்களைவிட நல்ல நுழைவாயில் இல்லை. ‘சிவப்பு மரம்’ (1908–10), ‘சாம்பல் மரம்’ (1911), ‘பூத்த ஆப்பிள் மரம்’ (1912) ஆகிய மூன்றும் ஹேக் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. முதலாவதில் மரம் இருக்கிறது, இரண்டாவதில் கிளைகளின் வளைவு இருக்கிறது, மூன்றாவதில் வளைவுகளின் ஒழுங்கு மட்டுமே எஞ்சுகிறது. அந்த ஒழுங்கையும் நேர்கோடாக்கிய பிறகுதான் உலகம் அறிந்த கறுப்புக் கோடுகளும் சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்களும் வந்தன. இதே சமயத்தில் மூனிக்கில் கண்டின்ஸ்கி இசையை நோக்கியும், ரஷ்யாவில் மலேவிச் 1915இன் ‘கறுப்புச் சதுரம்’ வழியே வெறுமையை நோக்கியும் போய்க்கொண்டிருந்தார்கள். கண்டின்ஸ்கி, கிளே ஆகியோரின் படங்கள் ஜெர்மன் கலைப்பள்ளியான பௌஹவுஸின் கண்காட்சியாக 1922இலேயே கல்கத்தாவுக்கு வந்தன.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தின் ஜூரிக்கில், 1916இல், ஹ்யூகோ பாலும் எமி ஹென்னிங்ஸும் தொடங்கிய வோல்த்தேர் கேளிக்கை அரங்கில் ‘தாதா’ என்ற கலக இயக்கம் பிறந்தது. இலட்சக்கணக்கானோரைக் கொல்லும் நாகரிகத்தின் அழகியலை ஏன் மதிக்க வேண்டும் என்பது அவர்கள் வினா. மறு ஆண்டு நியூயார்க்கில் தூஷாம் என்ற பிரெஞ்சுக் கலைஞர் ஒரு சிறுநீர்க் கலத்தைக் கவிழ்த்து, ‘ஆர். மட்’ என்று கையெழுத்திட்டு, ‘நீரூற்று’ என்று பெயரிட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். கட்டணம் செலுத்திய எவருடைய படைப்பையும் ஏற்பதாக அறிவித்திருந்த சங்கமே அதைக் காட்ட மறுத்தது. அது அழகாக இருக்கிறதா என்று பார்ப்பது வீண். அது எங்கே வைக்கப்பட்டது, யார் மறுத்தார்கள் என்பதே படைப்பு. தாதாவின் கோபத்தில் ஃபிராய்டின் கனவுக் கோட்பாடு கலந்தபோது, 1924இல் ஆந்திரே பிரெதோனின் அறிக்கையோடு சர்ரியலிசம் வந்தது. தாலி, மாக்ரித், மாக்ஸ் எர்ன்ஸ்ட் ஆகியோர் அதன் முகங்கள்.

1937இல் நாஜிகள் மூனிக்கில் இவற்றையெல்லாம் ‘சீரழிந்த கலை’ என்று கண்காட்சி வைத்து இழிவுபடுத்தினார்கள். பலர் கடல் கடந்தார்கள். மையம் நியூயார்க்குக்கு நகர்ந்தது. 1947 முதல் ஜாக்சன் போலக் என்ற ஓவியர் கித்தானைத் தரையில் விரித்து, சுற்றி நடந்து வண்ணத்தைச் சொட்டவிட்டார். ரோத்கோ மிதக்கும் நிறப்பரப்புகளை வரைந்தார். அந்தக் கனமான மனநிலைக்கு எதிராக 1962இல் வார்ஹால் முப்பத்திரண்டு சூப்பு டப்பாப் படங்களை வரிசையாகக் காட்சிக்கு வைத்தார்.

ஏழாம் படி: பெயரை யார் வைத்தார்கள் என்று எழுதுங்கள்

குறிப்பேட்டில் ஒவ்வொரு இயக்கத்தின் எதிரேயும் இதை எழுத வேண்டும். இம்ப்ரஷனிசமும் ஃபோவிசமும் கியூபிசமும் வெளியார் வைத்த ஏளனப் பெயர்கள். பரோக்கும் அப்படித்தான் தொடங்கியது. இத்தாலியில் தோன்றிய ஃபியூச்சரிசம் (எதிர்காலவாதம்), தாதா, சர்ரியலிசம் ஆகியவை தாங்களே சூட்டிக்கொண்டவை, ஆகவே அவற்றுக்கு அறிக்கைகள் உண்டு, உறுப்பினர் சேர்க்கையும் வெளியேற்றமும் உண்டு. மறுமலர்ச்சி, காலம் கடந்த பின் வரலாற்றாசிரியர்கள் நிலைநிறுத்திய பெயர். இந்த வேறுபாடு தெரிந்தால், ‘தேகா இம்ப்ரஷனிஸ்டா’ போன்ற வினாக்களில் நேரம் வீணாகாது: அந்தக் கண்காட்சிகளை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான தேகாவுக்கே அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆண்டுகளும் பெட்டி பெட்டியாக அடங்குவதில்லை. மோனே 1926 வரை வாழ்ந்து அல்லிக்குளத்தை வரைந்துகொண்டிருந்தார். அதற்குள் கியூபிசமும் தாதாவும் வந்து, சர்ரியலிச அறிக்கையும் வெளியாகிவிட்டது.

எட்டாம் படி: வாரத்துக்கு இரண்டு படங்கள்

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், சிகாகோ கலைக்கழகம் ஆகியவை காப்புரிமை முடிந்த தங்கள் படங்களை உயர்ந்த தெளிவில் இலவசமாகத் தரவிறக்க விடுகின்றன. ‘இரவுக் காவல்’ படத்தை 717 கிகாபிக்சல் அளவில் படமெடுத்து ரைக்ஸ் வெளியிட்டிருக்கிறது. கண்மணியில் வைத்த வெண்புள்ளி வரை போகலாம். தேடுபொறியில் கிடைக்கும் படங்களின் நிறத்தை நம்ப வேண்டாம்: ஒரே வான் கோவின் மஞ்சள் மூன்று தளங்களில் மூன்று விதமாக இருக்கும். படத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் தளத்திலிருந்தே எடுங்கள், கைபேசியைவிடக் கணினித் திரையில் பாருங்கள், கண்ணுக்கு இதமாக நிறத்தை மாற்றும் இரவு அமைப்பை அணைத்துவிடுங்கள்.

வாரத்துக்கு இரண்டு படங்கள் போதும், எதிரெதிரான இரண்டு. மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகு விளக்கத்தைப் படியுங்கள். இரண்டு மாதம் ஆனதும் வீட்டில் ஒருவரை விட்டு, முன்பு பார்த்திராத பத்துப் படங்களைப் பெயரும் ஆண்டும் மறைத்துக் காட்டச் சொல்லி, எந்தக் காலம், எதனோடு வழக்கு என்று சொல்லிப் பாருங்கள். தவறாகச் சொன்னவற்றைத் தனிக் கோப்பில் சேர்த்து வையுங்கள். அடுத்த வாரத்தின் இரண்டு படங்களை அந்தக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.